நாற்பத்தைந்து டிகிரியில் மட்டும்

ஜூன் 9, ஞாயிறு

காலையில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஜெசிந்தா வீட்டில் போய்க் காப்பி குடித்தேன். பேச்சுவாக்கில் அவள்தான் சொன்னாள்.

"ஏட்டி மங்கை, இன்னையிலேருந்து என்ன வேலை செஞ்சாலும் தேதி போட்டு எழுதி வையி. பெங்களூர்லேருந்து கமிட்டி வருது. கேட்டா எடுத்துக் காட்டலாம்லா."

அதற்காகத்தான் இந்த நோட்டு. கமிட்டிக்கு என்றால் முறையாகத் தொடங்க வேண்டும். என் பெயர் மங்கையர்க்கரசி. இந்த நிலையத்தின் மெக்கானிக்கல் எஞ்சினியர். ஜெசிந்தா நிலையத்தின் இயக்குநர். பாளையங்கோட்டையில் ஒரே ஹாஸ்டல் அறையில் நாலு வருஷம் படித்தவர்கள் நாங்கள். அது கமிட்டிக்குத் தேவையில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இங்கே இருப்பது முப்பத்து நாலு மீட்டர் அகல டிஷ் ஆண்டெனா. தூரத்து விண்கலங்கள் அனுப்பும் சிக்னலைப் பிடிக்கக் கட்டியது. திறந்து எட்டு மாதம் ஆகிறது. எதிர்பார்த்ததில் பாதிதான் பிடிக்கிறது. ஆகஸ்ட் 19 அன்று ஒரு சின்ன விண்கலம் ஒரு குறுங்கோளை ஒட்டிக் கடந்து போகிறது. அது பார்த்ததையெல்லாம் எண்பது நிமிஷத்தில் அனுப்பிவிட்டு அடங்கிவிடும். அந்த நேரத்தில் பூமியில் எங்கள் பக்கம்தான் அதைப் பார்த்து இருக்கும். நாங்கள் விட்டால் விட்டதுதான்.

டிஷ்ஷின் முகத்தில் முந்நூற்று நாற்பத்தெட்டு அலுமினியப் பேனல்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட். அத்தனையையும் திருகி, வளைவின் பிசகை ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தது நான். வளைவு மூன்று மில்லிமீட்டர் பிசகினால் சிக்னலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அதனால் எல்லோருடைய சந்தேகமும் பேனல்கள் மேல்தான். எல்லோருடைய என்றால், என் மேல்.

ஜூன் 11

சாரல். தென்காசிப் பக்கம் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதென்று ஊரே கிளம்பிப் போகிறது. எங்களுக்கு அது வில்லங்கம். பேனல் மேலும், சிக்னல் நுழையும் கொம்பின் வாயை மூடியிருக்கும் மெல்லிய உறை மேலும் தண்ணீர்ப் படலம் நின்றால் சிக்னல் குறையும். சுடலைமுத்து ஏணியில் ஏறி உறையைத் துடைத்தார். கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். நம்முடைய குறை இது இல்லை.

சுடலைமுத்து எங்கள் ஃபோர்மேன். டிஷ்ஷின் எலும்புக்கூட்டை வெல்டிங் வைத்த நாளிலிருந்தே இங்கே இருக்கிறவர்.

ஜூன் 14

காற்று மணிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். டிஷ் குறியை விட்டு நகர்கிறதா என்று பார்த்தேன். நகர்கிறது, ஆனால் மோட்டார் உடனே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. குறைக்குக் காரணம் காற்றும் இல்லை.

தோசை மாவு புளித்துவிட்டது. ஜெசி வாங்கிக்கொண்டு போய் வெங்காயம் போட்டு ஊத்தப்பமாக்கித் திருப்பி அனுப்பினாள்.

ஜூன் 16

தலைவலி. அளவு எடுக்கவில்லை.

ஜூன் 21

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

கன்னி ராசிப் பக்கம் ஒரு விண்மீன் மண்டலம் இருக்கிறது. ரேடியோ அலைகளை எப்போதும் ஒரே அளவில் வீசிக்கொண்டிருப்பது. அதன் பலம் எவ்வளவு என்று உலகம் முழுக்கத் தெரியும். எனவே அதை நம் டிஷ் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தால் டிஷ்ஷின் திறன் தெரிந்துவிடும். இந்த மாதத்தில் அது மதியத்துக்கு மேல் கிழக்கில் எழுந்து, பொழுது சாயும்போது உச்சிக்கு வருகிறது. எழுந்ததிலிருந்து உச்சி வரைக்கும் விடாமல் அதைத் தொடர்ந்தேன்.

இரண்டேகாலுக்கு, இருபது டிகிரி உயரத்தில், திறன் இருபத்திரண்டு சதவீதம். நாலு மணிக்கு, நாற்பத்தைந்து டிகிரியில், ஐம்பது; இந்த டிஷ் எப்போதும் தர வேண்டிய அளவு அதுதான். ஆறரைக்கு, எண்பது டிகிரியில், மறுபடி இருபத்தாறு.

முதலில் வெயிலென்றுதான் நினைத்தேன். ஒரு பக்கம் சூடேறி எஃகு விரிந்தால் வளைவு கெடும். ஆனால் ஆறரைக்கு வெயில் ஏது? காற்று என்றால், நாலு மணிக்குத்தான் அது பலமாக அடித்தது. அப்போதுதான் டிஷ் நன்றாக வேலை செய்தது.

உட்கார்ந்து யோசித்தேன். நான் போல்ட்டுகளைத் திருகியது டிஷ்ஷை நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்தி வைத்துத்தான். அந்த நிலையில் வடிவம் சரியாக இருக்கிறது. பேனல்கள் பிசகியிருந்தால் எல்லா உயரத்திலும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். டிஷ் தாழும்போதும் நிமிரும்போதும் அதன் கனமே அதைத் தொய்ய வைக்கிறது. கொஞ்சம் தொய்வது எல்லா டிஷ்ஷுக்கும் உண்டு, கணக்கில் அதற்கு இடம் விட்டிருக்கிறோம். இது கணக்கைப் போல மூன்று மடங்கு.

அதாவது என் பேனல்கள் சரி. அவற்றைத் தாங்கும் எஃகுக் குழாய்ப் பின்சட்டம் வளைகிறது.

அளவுகளைக் குறித்த தாளை எடுத்துக்கொண்டு ஜெசி வீட்டுக்கு ஓடினேன். "ஜெசி, நான் இல்லட்டி! பேனல் இல்ல!" என்று வாசலிலேயே கத்தினேன். அவள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். களைத்திருந்தாள் போல.

"இதை யாருக்கும் மெயில் போட்டுறாத. ஒரு நாள் அளவை வச்சு அவங்க ஒத்துக்கிட மாட்டாங்க. நான் பக்குவமா எடுத்துச் சொல்லுதேன்."

அதுவும் சரிதான். கமிட்டியோடு பேசத் தெரிந்தவள் அவள். சாளைமீன் குழம்பு கொடுத்துவிட்டாள்.

ஜூன் 25

ஜெசி இன்னும் கமிட்டிக்குச் சொல்லவில்லை. வேலை அதிகம் அவளுக்கு.

ஜூன் 27

சுடலைமுத்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மேடம், சொல்லுதேன்னு கோவிச்சிக்கிடாதிய. பின்னால இருக்க குழாயத் தட்டிப் பாத்தியளா?"

"எதுக்கு?"

"சும்மாதான். பாத்தா தெரியும்."

மறுபடி கேட்டேன். "நான் கூலிக்கு வெல்டு வச்சவன். படத்துல என்ன போட்டிருக்குன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது. மற்ற வேலைகளும் இருந்தன. பார்க்கப் போகவில்லை.

ஜூலை 1

மதியம் காற்று ஐம்பத்தெட்டைத் தொட்டது. அறுபது வரைக்கும் வேலை செய்யலாம் என்பது விதி. நானும் சுடலைமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் பின்சட்டத்துக்குள் இருந்தோம். திடீரென்று முனகல் மாதிரி ஒரு சத்தம், தலைக்கு மேலே. சுடலைமுத்து என் கையைப் பிடித்து இழுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டதில்லை.

"எறங்குங்க மேடம். விதியெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம். எறங்குங்க."

கீழே வந்து ஜெசிக்குப் போன் செய்து, காற்று நாற்பதைத் தாண்டினால் யாரும் ஏறக்கூடாது என்று உத்தரவு போடச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. உடனே போட்டுவிட்டாள்.

ஜூலை 3

கமிட்டிக்குத் தலைவர் டாக்டர் இளங்கீரன். அவருடைய அலுவலகத்திலிருந்து பத்தாம் தேதி விசாரணைக்கு வரச் சொல்லி எனக்கு மெயில் வந்தது. கூடவே, 'பார்வைக்கு' என்று நிலையத்தின் முதற்கட்ட அறிக்கையையும் இணைத்திருந்தார்கள். அப்படி ஒன்று போயிருப்பதே எனக்குத் தெரியாது.

'பேனல்கள் பொருத்தியதில் தேவையான துல்லியம் எட்டப்படவில்லை. பொறுப்பு எஞ்சினியர் தன் அளவீடுகளை மறுபரிசீலனை செய்ய மறுக்கிறார்.' கீழே ஜெசிந்தாவின் கையெழுத்து. தேதி ஜூன் 24.

நான் தாளைக் கொண்டுபோய்க் காட்டி மூன்று நாள் கழித்து.

ஏதாவது காரணம் இருக்கும். முதலில் எழுதி வைத்ததைத் தவறுதலாக அனுப்பியிருப்பார்கள். நாளைக்குக் கேட்க வேண்டும்.

ஜூலை 4

கேட்கவில்லை.

ஜூலை 5

திருநெல்வேலியில் ஒரு பாய்லர் கம்பெனியிலிருந்து தடிமன் அளக்கும் கருவியை இரவல் வாங்கிவந்தேன். குழாய் மேல் வைத்தால் அதன் சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று காட்டும். காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் நானும் சுடலைமுத்துவும் ஏறினோம்.

வரைபடத்தில் எட்டு. முதல் குழாய் 5.1. இரண்டாவது 5.0. கருவி கெட்டுவிட்டதென்று கீழே ஏணிக்கம்பியில் வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. நாற்பது இடத்தில் அளந்தேன். எல்லாம் ஐந்து.

"ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் மாத்தினாங்கன்னு அன்னைக்கு சொன்னாங்க மேடம்" என்றார் சுடலைமுத்து. "மேடம் கையெழுத்து ஆயிட்டுன்னு பேப்பரை ஆட்டிக் காமிச்சாங்க. அதான் நானும் பேசாம இருந்துட்டேன்."

ஜூலை 6

சுடலைமுத்து சொன்ன அந்தத் தாள் கோப்பு அறையில் இருந்தது. 'பின்சட்டக் குழாய் மாற்றம், எட்டு மில்லிமீட்டருக்குப் பதில் ஐந்து. வலிமைக் கணக்கு சரிபார்க்கப்பட்டது.' சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. போலி இல்லை. என் கையெழுத்தேதான், கடைசியில் ஒரு சுழி போடுவேன், அந்தச் சுழியும் இருந்தது.

தேதி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிப்ரவரி 18.

அன்று அப்பா ஆஸ்பத்திரியில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மதியம் ஜெசி வந்தாள். எனக்குச் சோறு கொண்டுவந்தாள். ஊட்டிக்கூட விட்டாள். அப்புறம் பையிலிருந்து தாள்களை எடுத்தாள். "லீவு லெட்டர், இன்சூரன்ஸ் பாரம். நீ ஒண்ணும் பாக்காண்டாம், நான் பாத்துட்டேன். போடு." ஐந்தாறு இடத்தில் போட்டேன். மறுநாள் அப்பா போய்விட்டார். எடுக்கிற வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

படிக்காமல் போட்டது நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஜெசி கதவைத் தட்டினாள். "மங்கை, கோயிலுக்குப் போயிட்டு வாரேன். ஏதாச்சும் வாங்கியாரவா?" என்றாள். தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன்.

துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

ஜூலை 8

அவள் அறைக்குப் போய் அந்தத் தாளின் நகலை மேஜை மேல் வைத்தேன். பார்த்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"எப்பமோ ஒரு நாள் நீ வருவன்னு தெரியும்."

"ஏன் செஞ்ச?"

"எட்டு மில்லி குழாய் வர இன்னும் அஞ்சு மாசம்னுட்டான். திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. தள்ளிப்போட்டா இந்த டிஷ்ஷே வேற ஊருக்குப் போயிரும்னு மேலேருந்து சொன்னாங்க. அஞ்சு மில்லி கையில இருந்துச்சு. உடையாதுன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன், உடையாது."

"வளையும்ல?"

அவள் தாளை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா நீ முடியாதுன்னிருப்ப."

"அதுக்குத்தானட்டி என்னைய வச்சிருக்கு இங்க!"

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்பம் பேனல்னே போகட்டும் மங்கை. பேனல்னா திருத்திக்கிடலாம், யாருக்கும் வேலை போகாது. உனக்கு ஒரு மெமோ, அவ்ளோதான். குழாய்னா விசாரணை அது இதுன்னு ரெண்டு பேரும் சேந்து போவோம். அதுல இருக்கது உன் கையெழுத்து."

"அறிக்கையில, நான் மறுபடி அளக்க மறுக்கேன்னு எழுதியிருக்க."

"அப்படி எழுதினாத்தான் நம்புவாங்க."

சாதாரணமாகச் சொன்னாள். குழம்புக்குப் புளி எவ்வளவு என்று சொல்கிற மாதிரி. அப்பா விஷயத்தைக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்குச் சோறு ஊட்டியது கையெழுத்துக்காகவா, நிஜமாகவா? கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் என்னால் தாங்கமுடியாது.

ஜூலை 1 அன்று பின்சட்டத்துக்குள் நாலு பேர் இருந்தோம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 10

கமிட்டி. ஜெசி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், நான் போன பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலையில்.

கன்னி ராசி அளவுகளை வைத்தேன். பின்பு எத்தனைமுறை எடுத்தாலும் அதே வளைகோடு வருவதைக் காட்டினேன். குழாய்த் தடிமன் பட்டியலை வைத்தேன். கடைசியில் மாற்றத் தாளை.

டாக்டர் இளங்கீரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்."

"கணக்கைச் சரிபார்த்தீங்களா?"

"இல்லை. படிக்காமல் போட்டேன்."

"ஏன்?"

ஜெசி தலையைக் குனிந்துகொண்டாள். "கொண்டுவந்தவர் மேல் நம்பிக்கை" என்றேன். யார் கொண்டுவந்தது என்று அவர் கேட்டார். சொன்னேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"மேடத்துக்கு அப்ப மனநிலை சரியில்ல சார்" என்றாள் ஜெசி. "அப்பா சாகக் கிடந்தார். எதுல கையெழுத்துப் போட்டோம்னு அவங்களுக்கு நினைவிருக்காது. விளக்கிச் சொல்லித்தான் வாங்கினேன்."

முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் என்னை 'மேடம்' என்றாள். அந்த வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் முடிந்தது. அதன் பிறகு அவள் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

டாக்டர் இளங்கீரன் கடைசியாக, "ஆகஸ்ட் 19க்கு ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். விண்கலம் இருபத்தைந்து டிகிரிக்கும் நாற்பது டிகிரிக்கும் நடுவில்தான் போகிறது. டிஷ்ஷை நாற்பத்தைந்தில் வைத்துத் திருகிய போல்ட்டுகளை முப்பத்திரண்டில் வைத்து மறுபடி திருகினால் அந்த உயரத்தில் வடிவம் சரியாகிவிடும். டிஷ்ஷுக்கு எதிரே நின்று சிக்னலைக் கொம்புக்குத் திருப்பிவிடும் சின்ன எதிரொளிப்பானையும் டிஷ் தாழத் தாழக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். மற்ற உயரங்களில் இன்னும் மோசமாகும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"எத்தனை போல்ட்?"

"ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு."

"செய்யுங்க" என்றார்.

ஜூலை 13

காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை. அதற்கு மேல் காற்று. எழுபது போல்ட்.

ஜூலை 20

கை வீங்கிவிட்டது. சுடலைமுத்து எங்கிருந்தோ நல்லெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். "அன்னைக்கே ஒங்ககிட்ட நேரா கேட்டிருக்கணும் மேடம்" என்றார். நானும் கேட்டிருக்க வேண்டும் என்றேன். இரண்டு பேரும் வேலையைப் பார்க்கப் போனோம்.

ஜூலை 29

உத்தரவு வந்தது. எனக்குக் கண்டனக் கடிதம், பதவி உயர்வு மூன்று வருஷத்துக்கு நிறுத்தம். ஜெசிந்தாவை இயக்குநர் பொறுப்பிலிருந்து விடுவித்துத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே திட்டமிடல் பிரிவில் ஆலோசகர். அது தண்டனையா, பரிசா என்று சுடலைமுத்து கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

லாரியில் சாமான் ஏற்றிவிட்டு ஜெசி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"போயிட்டு வாரேன்."

"சரி."

போகாமல் நின்றாள். பிறகு, "நீ எனக்கு இப்படிச் செய்வன்னு நான் நினைக்கல மங்கை" என்றாள்.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒரு மெமோ. அதை வாங்கிக்கிட்டிருந்தா ரெண்டு பேரும் இங்கேயே ரிட்டயர் ஆயிருப்போம். உனக்கு நானும் எனக்கு நீயும்னு இருந்தோம். ஒத்த பேப்பரைக் கொண்டுபோய் அத்தனை பேர் முன்னால வச்ச. உனக்கு நான் என்ன கொறை வச்சேன்?"

அவள் நடிக்கவில்லை. அதுதான் பயங்கரம். வஞ்சிக்கப்பட்டது தான் என்று மனதார நம்புகிறாள். என் நெஞ்சில் என்ன கனக்கிறதோ அதே கனத்தோடுதான் அவளும் பெங்களூர் போகிறாள்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11

கடைசி போல்ட் முடிந்தது. முப்பத்திரண்டு டிகிரியில் நாற்பத்தொன்பது சதவீதம்.

ஆகஸ்ட் 19

காலையிலிருந்து தூறல். பதினோரு மணிக்கு விட்டது. பேனல்களைக் காயவிட்டோம். காற்று முப்பத்தாறு.

மதியம் 2.10க்கு விண்கலத்தின் சிக்னல் வர வேண்டும். வந்தது. முதலில் திரையில் இரைச்சலோடு இரைச்சலாக ஒரு சின்னக் கோடு. பிறகு அது நிமிர்ந்து நின்றது. எண்பது நிமிஷமும் அறையில் யாரும் உட்காரவில்லை. இருபத்தாறு டிகிரிக்கு இறங்கியபோது கோடு குறுகியது, அறுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அறவில்லை. 3.30க்கு அது அனுப்ப வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று கட்டுப்பாட்டு மையம் உறுதி சொன்னது. சுடலைமுத்து வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

நாலு மணிக்கு என் போன் அடித்தது. ஜெசிந்தா.

எடுத்தேன். பின்னால் பெங்களூர் டிராபிக் சத்தம் கேட்டது.

"வந்துச்சா?" என்றாள்.

சொல்லாமல் வைத்துவிடலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் செய்தியில் வந்துவிடும், அவளே பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இந்த டிஷ்ஷுக்காக ஐந்து வருஷம் இந்தப் பொட்டலில் கிடந்தவள் அவளும்தான்.

"வந்துச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு, பழைய குரலில், "மங்கை..." என்றாள்.

போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.